உறவு முறை: அரிசி

முத்தனேரி பைபாஸை ஒட்டிய பெண்கள் கல்லூரி விடுதியில் இரண்டாம் வருஷம் வேதியியல் படித்துக்கொண்டிருந்த அங்கயற்கண்ணி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாம்பாரில் மிதந்த வண்டை விரல் நுனியால் ஓரங்கட்டிவிட்டு, "யாரு வெளைய வச்சாங்க, யாரு கை பட்டு வந்துச்சுன்னு தெரியாத ஒரு பருக்கை இனிமே என் வாய்க்குள்ள போகாது, இது சத்தியம்" என்று இருநூறு பேர் காதுபடச் சொல்லித் தட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியவள், பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்கிற கதையாக, சத்தியத்தின் சூடு ஆறுவதற்குள் ஒரு வாய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வாய் தொண்டையைத் தாண்டி இறங்குவதற்குள், எதிர்ப் பெஞ்சில் முழங்கால் வரைக்கும் சேறும் தோளில் மண்வெட்டியுமாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தார்.

யாரும் அலறவில்லை. அலறினாலும் அந்தக் கூடத்தில் காதில் விழாது, இருநூறு எவர்சில்வர் தட்டுகளின் சத்தம் அப்படி. அறைத்தோழி சபுரா மட்டும் அங்கையின் விலாவில் முழங்கையால் இடித்து, "அடியே, உன்னப் பாக்க யாரோ வந்திருக்காங்க பாரு" என்றாள்.

"யாருங்கய்யா நீங்க?"

"நானா தாயி? திருத்துறைப்பூண்டிப் பக்கம். நாத்து நட்டுக்கிட்டு இருந்தேன். இந்தா நீ திங்கிறியே, இது போன போகத்துல நம்ம வயல்ல வெளைஞ்ச நெல்லு" என்றார் அவர், தன் வயல் பத்தடி தூரத்தில் இருப்பதுபோல.

இப்போது அங்கை என்ன செய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அவள் செய்தது, சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஒரு மனுஷர் வந்து உட்கார்ந்தால் நம் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் யோசிக்காமல் செய்கிற காரியத்தைத்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அப்புறம் ரொம்பக் கூச்சத்தோடு, "இன்னும் இல்ல தாயி" என்றார். அவ்வளவுதான். அங்கை தட்டை நடுவுக்கு நகர்த்தினாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து அவள் எழுந்தபோது அவர் இல்லை, பெஞ்சுக்கு அடியில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது, அதை மெஸ் சமையற்காரி செங்கா முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள்.

இந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை வீம்பு என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். ஆறு மாசத்துக்கு முன்னால் கல்லூரியில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் அவள் விரலைக் குத்திப் பார்த்த டாக்டரம்மா, ரத்தம் ஏழரைதான் இருக்கிறது, இந்த லட்சணத்தில் நீ எப்படி மாடிப்படி ஏறுகிறாய் என்று திட்டி, கீரை, பயறு, பழம், கேழ்வரகு என்று ஒரு சீட்டு நிறைய எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வார்டன் பாவாயி மேடத்திடம் நீட்டினால், அவர், "கண்ணு, இருநூறு பேருக்குக் கீரை ஆயறதுக்கு இங்க ஆரு இருக்கறாங்க, நீ சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கோ" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார். அங்கை பச்சைப்பயறைக் கைக்குட்டையில் முடிந்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்; முளை எட்டிப் பார்த்த அன்றைக்கே அது அறைக்குள் சமையல் என்று பறிமுதல் ஆனது. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சக் கெட்டில் வாங்கினாள். அது இப்போது வார்டன் பீரோவில் வேறு பதினோரு கெட்டில்களோடு உட்கார்ந்திருக்கிறது.

உடம்புக்கு நல்லதைத் தேடிப் போனவளுக்கு அத்தோடு நிற்க முடிந்ததா? இல்லை. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது கோழிப் பண்ணைக் கூண்டுகளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு முட்டையை விட்டாள். நூலகத்தில் எதையோ படித்துவிட்டு இறாலை விட்டாள், சாக்லெட்டை விட்டாள், சர்க்கரையையும் விட்டாள். "இப்பிடியே போனா காத்தக் குடிச்சுத்தான் உசுரு வாழணும், அப்புறம் காத்து யாரு வயித்துல அடிச்சுட்டு வந்துச்சோன்னு அதையும் விட்ருவ" என்றாள் சபுரா. அங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதாத் திங்கணும், அடுத்தவங்க வயித்துல அடிக்காமத் திங்கணும். இது ஒரு பெரிய ஆசையாடி?" என்று கேட்டாள். விடுதியில் இருக்கிற பிள்ளைக்கு அது பெரிய ஆசைதான், அரண்மனை வேண்டும் என்று கேட்பதைவிடப் பெரிய ஆசை.

புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். வியாழக்கிழமை இருபது பேர். வெள்ளிக்கிழமை மத்தியானம் இருநூறு பிள்ளைகளும் முதல் வாயை விழுங்கிய கையோடு எதிர்ப் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன: துவரம்பருப்புக்குக் கர்நாடகத்துக் கலபுரகிப் பக்கத்து அம்மாக்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தார்கள், புளிக்கு மலையிலிருந்து ஆள் வந்தது, வெங்காயத்துக்கு வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தார்கள், உப்புக்கு வந்த வேதாரண்யத்துப் பெண் பாத்திகளின் வெயிலைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு, "இங்க என்னடி இவ்வளவு இருட்டாக் கெடக்கு" என்றாள். பொரியல் எண்ணெய்க்கு வந்தவன் மட்டும் எந்த ஊர் என்று யாருக்கும் பிடிபடவில்லை, மழையில் நனைந்து வந்தான், அவன் பேசின பாஷை ஒருத்திக்கும் புரியவில்லை. சபுரா சும்மா இருக்கட்டுமே என்று ஒரு சலாம் சொல்லிவைத்தாள், அவன் முகம் மலர்ந்து பதில் சலாம் சொன்னான், ரசத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் காரத்தில் மூக்கைச் சிந்தினான். எல்லாரிடமும் பிள்ளைகள் கேட்டார்கள், சாப்பிட்டீங்களா என்று. எல்லாரும் சொன்னார்கள், இன்னும் இல்லை என்று. உலகத்துக்கே சோறு போடுகிறவர்கள் ஒருவர்கூட மத்தியானம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டிருக்கவில்லை.

பாவாயி மேடத்துக்கு இதில் பெரிய அதிர்ச்சி ஆட்கள் வந்தது அல்ல. ஆண்கள் வந்ததுதான். "ஏனுங்க, இது லேடீஸ் ஹாஸ்டலுங்க, அப்பனா இருந்தாலும் கேட்டோட நிக்கணும், ரூல்ஸு" என்று திருத்துறைப்பூண்டிக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். அவர், "நான் எங்கம்மா வந்தேன், புள்ள முழுங்குச்சு, நான் இங்க இருக்கேன்" என்றார். வாஸ்தவம்தானே. பார்த்தார் மேடம், பழைய போர்வைகளைக் கயிற்றில் கோத்து நடுவில் கட்டி, ஆண் விருந்தாளி வந்தால் போர்வைக்கு அந்தப் பக்கம், சோறு மட்டும் அடியால் போகலாம் என்று ஏற்பாடு செய்தார். பார்வையாளர் நோட்டும் திறந்துவிட்டார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, மாணவிக்கு உறவு முறை என்று கட்டம் போட்ட நோட்டு. கடைசிக் கட்டத்தில் என்ன எழுத என்று பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றபோது அங்கை, "அரிசின்னு போடுங்க மேடம்" என்றாள். அதுவே வழக்கமாகிப்போனது. உறவு முறை: அரிசி. உறவு முறை: பருப்பு. உறவு முறை: எண்ணெய்.

விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு என்று மேடம் சமாதானம் சொல்லிக்கொண்டார். நாலாம் நாளும் வந்தார்கள். ஒரு மாசமும் வந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் முத்தனேரி ஒரு வாரம் பேசிவிட்டு அப்புறம் தன் பாட்டுக்குப் பிழைக்கிற வழியைப் பார்த்தது. புருஷன் கரும்பு வெட்ட வெளியூர் போய் எட்டு மாசமாக முகம் பார்க்காத ஒருத்தி, விடுதி வாசலில் தூக்குச்சட்டியோடு வந்து நின்று, "அம்மணிகளா, ஆராச்சும் டீல கொஞ்சம் சக்கரை சாஸ்தியாப் போட்டுக் குடிங்களே" என்று கெஞ்சினாள். அன்றைக்கு இரண்டாம் மாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு பாகு மாதிரி டீயைக் குடித்தார்கள். ஏழாவது பிள்ளையின் டீக்கு அந்த மனுஷன் கரும்புத்தோகை கீறின கையோடு வந்தேவிட்டான். அவனைத் திட்டுவதா சோறு போடுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். சோறும் வேண்டாம் விருந்தாளியும் வேண்டாம் என்று பாக்கெட் நூடுல்ஸுக்கு ஓடிப்போன சில பிள்ளைகளுக்குத்தான் பாவம் வேறு அனுபவம்: எதிர்ப் பெஞ்சில் யாரும் வரவில்லை, ஃபாக்டரி மிஷின் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்து உட்கார்ந்தது, அதனிடம் என்ன கேட்டாலும் பதில் இல்லை. இரண்டே நாளில் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை, வாயோடு வந்தார்கள். "இந்த அரிசிய மூணு தடவ தீட்டிட்டான் தாயி, சத்தெல்லாம் தவிட்டோட மாட்டுக்குப் போயிருச்சு, உங்க எல்லாரையும் விட மாடு நல்லாச் சாப்பிடுது" என்றார் திருத்துறைப்பூண்டிக்காரர். மடியில் தன் வீட்டுக்கென்று வைத்திருந்த சிவப்பரிசியை ஒரு படி முடிந்துகொண்டு வந்தார். மலைக்காரர் தினையும் பலாக்கொட்டையும் கொண்டுவந்தார், பருப்புக்கார அம்மாக்கள் சோள ரொட்டியை மூட்டையாகவே கொண்டுவந்தார்கள், உப்புக்காரி தன் வீட்டு வேலியில் பறித்ததாகச் சொல்லி ஒரு கட்டு முருங்கைக்கீரையைச் செங்காவின் தலையில் கட்டினாள். வந்தவர்களே கூடி உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்ததால் ஆள் இல்லை என்ற பேச்சுக்கும் வழி இல்லாமல் போனது. செங்கா சமைத்தாள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அடுத்த முகாமில் அங்கையின் ரத்தம் பத்தரை. டாக்டரம்மா, "என்ன மாத்திரைம்மா எடுத்த?" என்று கேட்டார். "மாத்திரை இல்ல மேடம், சொந்தக்காரங்க வர்றாங்க" என்றாள் அங்கை.

எல்லாம் சரி, கல்லூரித் தாளாளருக்கு எரிந்தது. எரியாதா? மெஸ்ஸுக்குச் சாமான் போடுகிறவர் அவருடைய மச்சினர். தீட்டின அரிசி வேண்டாம் என்று பிள்ளைகள் மனுப் போட்டார்கள். முட்டைக்கு வந்த பண்ணைக்காரப் பெண், ஒரிசாவோ எங்கோ, ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவள், கோழிக்கு ஊசி போடுகிற மாதிரி ஜாடை காட்டிக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டியதோடு முட்டை அண்டா தொடாமல் திரும்பியது. மச்சினர் தாளாளரிடம் போய் அழுதார். தாளாளர் யோசித்தார். வருகிறவர்களை நிறுத்த அவரால் ஆகாது, ஆனால் கேட்கிறவர்களை நிறுத்தலாமே? கேட்டால்தானே பேச்சு வளர்கிறது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் முத்திரையோடு ஒரு தாள் தொங்கியது: உணவு நேரத்தில் வரும் வெளியாட்களிடம் "சாப்பிட்டீர்களா" என்று கேட்பது ஒழுங்கீனமாகக் கருதப்படும், இனி மதிய உணவு நேரம் பன்னிரண்டு நிமிடம், மணி அடித்ததும் அனைவரும் தட்டை விட்டு எழ வேண்டும்.

ஆள் கெட்டிக்காரர், சும்மா சொல்லக்கூடாது. பிள்ளை தட்டை விட்டு எழுந்தால் விருந்தாளி போய்விடுவார் என்பதை எப்படியோ கவனித்து வைத்திருந்தார். முதல் நாள் மணி அடித்தது. பழக்க தோஷம், எல்லாரும் எழுந்தார்கள். உப்புக்காரி வாய்க்குக் கொண்டுபோன கவளம் வாய்க்குப் போய்ச் சேரவில்லை. அவள் போய்விட்டாள், கவளம் மட்டும் பெஞ்சில் விழுந்து சிதறியது. அங்கை சிதறிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். ஒரு மனுஷி வாயில் வைக்கிற நேரத்தில் கையைத் தட்டிவிடுவதைவிடப் பாவம் ஏதாவது உண்டா? அவள் மறுநாள் கேட்டாள், முன்னைவிடச் சத்தமாக. அதற்கு மறுநாளும் கேட்டாள். மூன்றாவது நாள் கையில் ஓலை வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்து, இல்லையென்றால் விடுதியைக் காலி செய்ய வேண்டியது.

விடுதி போனால் படிப்புப் போனது. அவள் ஊர் தேனிக்கு அந்தப் பக்கம், ஐந்து மணி நேரப் பயணம், முத்தனேரியில் வேறு போக்கிடம் கிடையாது. அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் காய்கறிக் கம்பெனியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லிக்கொண்டு ஒற்றை ஆளாக இவளைப் படிக்கவைக்கிறாள். அங்கை போன் போட்டாள்.

"லீவு தர மாட்டாகடி" என்றாள் பேச்சியம்மாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. "மன்னிப்புத்தானே, எழுதிக் குடுத்துட்டு வாய மூடிப் படி. ஒரு வார்த்த கேக்கலைன்னா யாரு குடி முழுகிப் போகுது?"

அங்கை எழுதினாள். அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும். அவள் ஒன்றும் வீராங்கனை இல்லை, பத்தொன்பது வயசுப் பிள்ளை, பட்டம் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை நெஞ்சு நிறைய இருக்கிற பிள்ளை. கோடு போட்ட தாளில், கேட்டது தவறு, இனிமேல் கேட்க மாட்டேன் என்று குண்டு குண்டாக எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தாளாளர் மெஸ்ஸுக்கே வந்துவிட்டார். அவர் வருகிற நாளில் மட்டும்தான் அங்கே கோபி 65 போடுவார்கள். காலிஃபிளவரைப் பொன்னிறமாகப் பொரித்து, கறிவேப்பிலை தூவி, ஒரு தாம்பாளம் நிறைய அவர் முன்னால் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தட்டிலும் ஆளுக்கு நாலு துண்டு. அங்கையைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துத் தாளாளர் ரொம்ப அன்பாகப் பேசினார்.

"உங்கம்மா வரலையாம்மா? பரவால்ல, கையெழுத்தத் தபால்ல வாங்கிக்கலாம். நீ ஒரு காரியம் பண்ணு. எல்லார் முன்னாடியும் உக்காந்து சாப்பிடு. யாரு வந்தாலும் தலைய நிமித்தாத, வாயத் தெறக்காத. மணியடிச்சா எந்திரிச்சுப் போயிரு. உன்னப் பாத்து மத்த புள்ளைங்களும் கத்துக்கும். உன் சீட்டு உனக்கு."

அவ்வளவு சுலபம். அங்கை தட்டைப் பார்த்தாள். சோற்றைத் தொட மனசு வரவில்லை; இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்ட திருத்துறைப்பூண்டிக்காரர் வந்து உட்கார, அவர் முன்னால் ஊமை மாதிரி எப்படித் தின்பது? ஆகவே முன்பின் தெரியாத ஆள் யாராவது வரட்டும் என்று கோபியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டு மென்று விழுங்கினாள்.

எதிர்ப் பெஞ்சில் தாளாளருக்குப் பக்கத்திலிருந்து மருந்து வாடை வந்தது. தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கண்ணுக்கு நேராக, மேசை மேல் இரண்டு கைகள் இருந்தன: முழங்கை வரைக்கும் ஈரம், விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக, நகங்கள் நீலம் பாரித்து. வலது புறங்கையில் ஒரு தீக்காயத் தழும்பு. அந்தத் தழும்பு அங்கைக்குத் தெரியும். அவள் கைக்குழந்தையாக அடுப்புப் பக்கம் தவழ்ந்தபோது அவளை இழுத்துப் போட்ட கை அது.

"அடியாத்தே!" என்றது எதிர்ப் பெஞ்சு. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பைச் சுற்றி நனைந்த சாக்கு, மூக்கைக் கட்டிய துண்டு. பேச்சியம்மாள் மகளைப் பார்த்தாள், சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பாவாயி மேடம் நோட்டோடு ஓடிவந்தார். "ஏனுங்க, நீங்க ஆருங்க?"

"எங்கம்மா" என்றாள் அங்கை, தலையை நிமிர்த்தி.

"அப்பாடி! சார், பேரண்ட் வந்துட்டாங்க சார்" என்று மேடம் உண்மையாகவே சந்தோஷப்பட்டு நோட்டில் எழுதினார். உறவு முறை என்ற கட்டத்தில் கோபி என்று எழுதி, அடித்துவிட்டு அம்மா என்று எழுதி, அது சரியா என்று தெரியாமல் மறுபடியும் பக்கத்தில் கோபி என்று எழுதினார்.

அங்கைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அம்மா மேல், தன் மேல், அந்தத் தாம்பாளத்தின் மேல். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்குற வேலைன்னியேம்மா?"

"மரத்துக்குக் கீழடி. காத்து நல்லாத்தான் வரும்" என்றாள் பேச்சியம்மாள்.

தாளாளர் அங்கை கொடுத்திருந்த மன்னிப்புக் கடிதத்தைப் பிரித்துப் பேச்சியம்மாள் பக்கம் தள்ளினார், பேனாவையும் மேலே வைத்தார். "நல்லதாப் போச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"எம்மக என்ன தப்புங்கய்யா பண்ணுச்சு?"

"வர்றவங்க போறவங்களையெல்லாம் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேக்குதும்மா."

பேச்சியம்மாள் மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை. "கேட்டுப்புட்டு?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"அது நாங்க வளத்த வளப்புங்கய்யா" என்றாள் அவள். போனில் வாயை மூடு என்று சொன்னவள்தான். ஆனால் போனில் சொல்வது வேறு, இத்தனை பேருக்கு முன்னால் பெற்ற பிள்ளையை ஒருத்தன் குற்றவாளியாக நிறுத்தியிருப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. பேனாவை அவள் தொடவில்லை.

தாளாளர் எரிச்சலில் தாம்பாளத்திலிருந்து ஒரு கோபித் துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயா, அதத் திங்காதீக" என்றாள் பேச்சியம்மாள். முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து மேசையில் விரித்து வைத்தாள். "பூவுக்குள்ள புழு இருக்கக்கூடாது, வெள்ளையா இருக்கணும்னு டிரம்முல மருந்தக் கலக்கி முக்கி எடுக்குறது நாங்கதான். நாப்பது பொம்பளைக. எங்கள்ல ஒருத்திகூட அத வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல. எம்புள்ளைக்கு நான் அத ஒருநாளும் ஆக்கிப் போட்டதில்ல. எவளோ பெத்த புள்ளைக திங்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் முக்கினேன். எம்புள்ளையே திங்கும்னு நெனைக்கலய்யா."

தாளாளரின் கை அந்தரத்தில் நின்றது. கடிக்கவும் முடியவில்லை, கடித்தால் தன் எதிரே யார் வந்து உட்காருவாரோ. துண்டை மெல்லத் தாம்பாளத்தில் வைத்தார்.

அப்போது அங்கை கேட்டாள். கத்தவில்லை, ஆனால் கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "அம்மா, சாப்பிட்டியா?"

"காலைல குடிச்ச டீதான்டி" என்றாள் பேச்சியம்மாள்.

செங்கா யாரும் சொல்லாமலே சிவப்பரிசிச் சோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் கொண்டுவந்து வைத்தாள். அங்கை சோப்புக் கட்டியும் வாளித் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவின் கைகளை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். நீலம் போகவில்லை. போன வரைக்கும் போதும் என்று சோற்றைப் பிசைந்து வைத்தாள். பேச்சியம்மாள் முதல் கவளத்தை எடுத்தபோது தாளாளர் எழுந்து நின்று, "மணிய அடிங்க!" என்று கத்தினார்.

பாவாயி மேடம் மணி அடித்தார். அங்கை எழவில்லை. எழுந்தால் அம்மா போய்விடுவாள், கவளம் பெஞ்சில் விழும். சீட்டுப் போகட்டும், பட்டம் போகட்டும், பெற்றவள் வாய்ச் சோற்றைத் தட்டிவிட்டுத்தான் அதெல்லாம் கிடைக்கும் என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கால் இரண்டையும் பெஞ்சுக்கடியில் பின்னிக்கொண்டு உட்கார்ந்தாள். மணி மறுபடியும் அடித்தது. பக்கத்தில் சபுரா எழவில்லை. அவளுக்கு எதிரே போர்வைக்குப் பின்னால் எண்ணெய்க்காரன் ரசத்தை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை அடித்தது. முன் வரிசை எழவில்லை, பின் வரிசை எழவில்லை, போர்வைக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. இருநூறு பிள்ளைகளும் தட்டில் கையை வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு அல்ல, நிமிர்ந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மணி வகுப்புக்கு யாரும் போகவில்லை. மூன்று மணிக்குப் பாவாயி மேடத்துக்குக் கை கடுத்துவிட்டது. மணியைக் கீழே வைத்தார், சுற்றிலும் பார்த்தார், "செங்கா, எனக்கும் ஒரு தட்டு போடு, இருவது வருசமா நின்னுக்கிட்டேதான் திங்கறேன்" என்று சொல்லி அவரும் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எதிரே ஒரு வெங்காயக்காரர் வந்து சேர்ந்தார்.

நாலு மணிக்குத் தாளாளரின் போன் அடிக்கத் தொடங்கியது. மச்சினர் பேசினார்: அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் பாதி மூட்டையில் காணாமல் போய்விட்டார்கள், லாரி அப்படியே நிற்கிறது. பண்ணையில் கோழிகளுக்குத் தீனி வைக்க ஆள் இல்லை. காய்கறிக் கம்பெனியில் டிரம் நிறைய மருந்து இருக்கிறது, முக்குவதற்கு ஒரு கைகூட இல்லை. வயலில், உப்பளத்தில், மலையில், எங்கெங்கேயோ முதலாளிகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கைகளெல்லாம் இங்கே மெஸ்ஸில் தட்டுகளின் மேல் இருந்தன, பேச்சுச் சத்தம் பெருகிக்கொண்டிருந்தது. உப்புக்காரி மேலும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். அவள் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை.

தாளாளர் வந்து அங்கையின் மேசை முன்னால் நின்றார். மன்னிப்புக் கடிதம் அங்கேதான் இருந்தது. பேச்சியம்மாள் அதன் மேல் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள்.

"லெட்டர் வேண்டாம்" என்றார் தாளாளர். "சீட்டும் போகாது. நான் சொல்லிட்டேன். எந்திரிங்க மொதல்ல."

யாரும் எழவில்லை.

"இப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

அங்கை அம்மாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றினாள். "ஒண்ணும் வேணாம் சார்" என்றாள். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

செங்கா அடுத்த உலைக்கு அரிசி களைந்தாள்.